ஒரு பல்பு எரியாத முருகன் படம்

தசரதனுக்கு வாய் ஜாஸ்தி. தேரடித் தெருப் பக்கம் டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கினான் என்றால், டீ ஆறி மேலே ஆடை கட்டுகிறவரைக்கும் பேச்சுதான். பேச்செல்லாம் கேமராவைப் பற்றி. அதிலும் ஒளித்து வைக்கிற கேமராவைப் பற்றி என்றால் ஆளுக்குக் குஷி தாங்காது.

"நூறு வருஷத்துக்கு முன்னாடியே வெள்ளைக்காரன் கோட்டுக்குள்ள கேமராவைக் கட்டிக்கிட்டுத் தெருவுல திரிஞ்சான்யா. தட்டு மாதிரி வட்டமா இருக்கும். லென்ஸு மட்டும் பட்டன் ஓட்டையில எட்டிப் பார்க்கும். பாக்கெட்டுல கைய வுட்டு கயித்த இழுத்தா படம் வுழுந்துடும். எதிர்ல நிக்கிறவனுக்கு ஒரு எழவும் தெரியாது" என்பான். பாக்கெட் கடிகாரத்துக்குள் கேமரா, புத்தகத்துக்குள் கேமரா, தொப்பிக்குள் கேமரா, புறாவின் நெஞ்சில் கட்டிப் பறக்கவிட்ட கேமரா என்று ஒன்று விடமாட்டான். ஓட்டுரிமை கேட்டு ஜெயிலுக்குப் போன லண்டன் பெண்கள் படமெடுக்க முகம் காட்டமாட்டோம் என்று முரண்டு பிடித்தார்களாம். ஜெயில் முற்றத்தில் வண்டிக்குள் ஒரு ஆளை ஒளித்துவைத்து, அவர்கள் காலாற நடக்கும்போது எடுத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது தசரதன் சிரிப்பான். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். இதில் சிரிக்க என்னய்யா இருக்கிறது என்று ஒருத்தனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆள் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலைக்காரன். அப்பா இருசப்பன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைத்தவர். மகனுக்குக் கொல்லை வேலை பிடிக்கவில்லை. கல்யாண போட்டோ எடுத்தான், வீடியோ எடுத்தான். எல்லார் கையிலும் போன் வந்து அந்தப் பிழைப்பில் மண் விழுந்ததும், டவுனில் சின்னதாக ஒரு கடை பிடித்து, சிசிடிவி மாட்ட ஆரம்பித்தான். லாட்ஜ் வாசல், நகைக்கடை, மாடி வீட்டு கேட் எல்லாம் அவன் மாட்டியதுதான். ஒளித்து வைக்கிற கேமரா எப்போதாவது வரும். அதற்கு அவனிடம் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு லாட்ஜ்காரன் ரூமுக்குள் வைக்கச் சொன்னபோது, அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டிவிட்டுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அதெல்லாம் நிஜம். அவனிடம் இருந்த நல்லதையும் சொல்லத்தானே வேண்டும். மாட்டிக் கொடுத்தபிறகு அடுத்தவன் வீட்டை எட்டிப் பார்ப்பதில்லை என்பது இன்னொரு கண்டிப்பு. "மாட்டினமா, பாஸ்வேர்டு குடுத்தமா, வந்தமா" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

கனடாவிலிருந்து ஸ்கந்தன் போன் செய்தது ஒரு சாயங்காலம். ஸ்கந்தனின் அப்பா ஏகாம்பரநாதன், ஒரு காலத்தில் கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்த குருக்கள். கணீரென்று மந்திரம் சொல்கிற மனுஷன். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய், ரெண்டு வருஷமாகக் கட்டிலே கதி. வீட்டில் அவர் மனைவி சொர்ணாம்பாள் ஒருத்தர்தான். துணைக்கு ஆராயி. ஆராயி அடி அண்ணாமலைக்காரி, தசரதன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அவனை "தம்பி" என்பாள், அவன் "அக்கா" என்பான். அந்த வீட்டு வாசலில் கேமரா மாட்டப் போனபோது, ஆள் வேணும் என்று அந்த அம்மாள் சொல்லி, ஆராயியைக் கொண்டுபோய் விட்டவனே தசரதன்தான்.

"தசரதன், வீடியோ கால்ல பார்த்தேன். அப்பா கையில கன்னிப்போன மாதிரி இருக்கு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை பார்த்துட்டேன்" என்றார் ஸ்கந்தன். "அம்மாவைக் கேட்டா கட்டில்ல இடிச்சுண்டார்ங்கறா. எனக்கு அந்த ஆராயி மேலதான் சந்தேகம்."

தசரதனுக்குச் சுருக்கென்றது. "சார், அது எங்க ஊருப் பொம்பளை சார். ஈ எறும்புக்குக்கூட..."

"தப்பு பண்ணலைன்னா கேமரால தெரிஞ்சுடப் போறது. உங்களுக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவளுக்கு மனசுல ஒண்ணு நிக்காது."

இந்த ஒரு பேச்சில்தான் தசரதன் விழுந்தான். அக்கா பேர் கெட்டுவிடக் கூடாது, கேமராவே அவளுக்குச் சாட்சி சொல்லட்டும் என்று நினைத்தான். நினைத்ததில் தப்பில்லை.

கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் பெரிய முருகன் படம். வள்ளி தெய்வானையோடு மயில் மேல் உட்கார்ந்த முருகன், சட்டத்தைச் சுற்றி சீரியல் பல்பு. படுத்த வாக்கில் சாமியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று சொர்ணாம்பாள் மாட்டிவைத்தது. சீரியல் பல்பு விட்டு விட்டு எரிகிறது என்று ஒரு சாக்கைச் சொல்லி, தசரதன் படத்தைக் கழற்றிக் கூடத்தில் வைத்துக்கொண்டான். கேமரா லென்ஸ் கடுகளவு. மயில் தோகையில்தான் அத்தனை கண் வரைந்திருக்கிறதே, அதில் ஒரு கண்ணின் கருப்பில் ஊசியால் ஓட்டை போட்டு லென்ஸை வைத்தான். கரண்டுக்குச் சீரியல் பல்பு ஒயர் இருக்கிறது. திரும்ப மாட்டிவிட்டு நின்று பார்த்தான். அவன் கண்ணுக்கே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

மறுநாளே ஸ்கந்தன் போன். "என்ன தசரதன், ஒண்ணுமே தெரியலை. ஒரே செவப்பா இருக்கு."

போய்ப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்குக் கிருத்திகை. கிருத்திகைக்குக் கிருத்திகை மயில் தோகையில் இருக்கிற ஒவ்வொரு கண்ணுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பது சொர்ணாம்பாள் பிறந்த வீட்டு வழக்கமாம். மல்லாட்டைக் கொல்லையில் வளர்ந்தவனுக்கு அது எங்கே தெரியும்? சாமி நெற்றியில்தானே பொட்டு வைப்பார்கள், தோகையை யார் சீண்டப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டான். கடுகளவு லென்ஸுக்கு முன்னால் கண்ணாடியில் கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"மறுபடி பல்பு மக்கர் பண்ணுதாப்பா?" என்றார் சொர்ணாம்பாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். புடவையை மாற்றக்கூட நேரமில்லாத மாதிரி இருந்தார்.

"ஆமாம்மா, லூஸ் கனெக்‌ஷன்" என்று சொல்லி, இந்தத் தடவை சட்டத்தில் ஒரு பல்பைப் பிடுங்கி, மற்றது எரிய ஒயரை முறுக்கிவிட்டு, அந்தக் குழிக்குள் லென்ஸைச் செருகினான். அங்கே குங்குமமும் வராது, பூவும் தொங்காது.

"ஒண்ணு மட்டும் எரியலையே."

"பழைய செட்டும்மா. அது அப்படித்தான்."

ஆராயி கட்டிலோரம் நின்று ஐயாவைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். தசரதனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் சிரிக்காமல் ஒயரைச் சுருட்டினான்.

கடைக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. மறுபடியும் சொதப்பினால் ஸ்கந்தன் காறித் துப்புவார். கனடாவில் அப்போது ராத்திரி, அவர் தூங்கிக்கொண்டிருப்பார். சரியாகத் தெரிகிறதா என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று, தானே போட்ட பாஸ்வேர்டில் அந்தக் கேமராவைப் போனில் திறந்தான்.

சத்தம் வராத கேமரா அது. கட்டில் பளிச்சென்று தெரிந்தது. சொர்ணாம்பாள் குழைத்த சாதத்தைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். கிழவர் வாயிலிருந்து அது ஒழுகியது. துடைத்து மறுபடி ஊட்டினார். மறுபடி ஒழுகியது. அந்த அம்மாளின் வாய் வேகமாக அசைந்தது. பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கிழவரின் மேல்கைச் சதையைப் பிடித்துத் திருகினார். விட்டுவிட்டுத் திரும்பவும் திருகினார். கிழவரின் இடதுகை மட்டும் எழுந்து காற்றில் துழாவியது. அதைத் தட்டிவிட்டு, கரண்டியை எடுத்து அதன் காம்பால் தோளில் அடித்தார்.

அப்போது ஆராயி ஓடிவந்தாள். அந்த அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக் கரண்டியை வாங்கிப் போட்டுவிட்டு, அவரைத் தரையில் உட்காரவைத்தாள். சொர்ணாம்பாள் ஆராயியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டு, ஆராயி எட்டி ஈரத்துணியை எடுத்துக் கிழவரின் வாயைத் துடைத்தாள்.

தசரதன் திரையை அணைத்தான். போனைக் கவிழ்த்து வைத்தான். அடப்பாவமே, அந்த அம்மாவா! விபூதிப் பட்டையும் தாலிச்சரடுமாக, எத்தனை தடவை மோர் கொடுத்த கை அது! அதற்கு அடுத்து அவன் நெஞ்சுக்குள் என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. அப்பாடா, ஆராயி அக்கா தப்பு பண்ணவில்லை. ஸ்கந்தன் எழுந்ததும் பார்ப்பார், புரிந்துகொள்வார், வேண்டியதைச் செய்வார். பார்க்கவேண்டியவரும் அவர்தான், செய்யவேண்டியவரும் அவர்தான். இப்படி நினைத்துக்கொண்டு மாமூலாக வேலையைப் பார்த்தான்.

ஆனால் போனை மூடவில்லை. மறுநாளும் பார்த்தான், அதற்கு மறுநாளும் பார்த்தான். சாப்பாட்டு வேளை வந்தால் கை தன்னாலே போனுக்குப் போனது. ஒரு நாள் அடி விழுந்தது, ஒரு நாள் கிள்ளு, ஒரு நாள் ஒன்றுமே நடக்காமல் அந்த அம்மாள் புருஷனின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு அங்கேயே தூங்கிப்போனார். ஆராயி துணி துவைக்கவோ கடைக்கோ போன நேரத்தில்தான் அடி. அவள் திரும்பி வந்ததும் நின்றுவிடும். தசரதன் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தான்.

ஸ்கந்தனும் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன செய்தார்? ஆராயியை வேலையிலிருந்து நிறுத்தினார்.

உறவுக்காரர்களிடம் அவர் சொன்னது மூன்றே வாக்கியம். "கேமரா வச்சோம். பார்த்தோம். ஆராயியை நிறுத்திட்டோம்." மூன்றும் நிஜம்! ஒரு எழுத்துப் பொய் கிடையாது. படித்தவர் இல்லையா? மூன்றையும் கோத்து முடிச்சுப் போட்டுக்கொள்ளத் தெருவுக்கா தெரியாது? பொழுது சாய்வதற்குள் குருக்களை ஆராயி போட்டு அடித்தாள் என்று பூக்காரி வரைக்கும் பேச்சு. கேமராவில் விழுந்திருக்கிறதாம், குரல்வளையைப் பிடித்தாளாம், சூடு வைத்தாளாம். ஆளாளுக்குக் கை கால் வைத்தார்கள்.

தசரதன் போனை எடுத்தான். ஸ்கந்தனைக் கூப்பிட்டான். "சார், ஆராயி ஒண்ணும் பண்ணலையே சார். நீங்கதான் பார்த்தீங்களே."

ஸ்கந்தன் குரலைத் தாழ்த்தினார். "நான் பார்த்தேன். நீங்க எப்படிப் பார்த்தீங்க?"

தசரதன் எழுந்து கடைக் கதவைச் சாத்தினான்.

"எங்க ஆத்துக்குள்ள பார்க்க உங்களுக்கு யார் அனுமதி குடுத்தா? இதை நான் வெளில சொன்னா, திருவண்ணாமலைல ஒருத்தர் உங்களை வாசப்படி ஏத்துவாளா?" பிறகு குரல் உடைந்தது. "அவ எங்கம்மா தசரதன். நான் என்ன பண்ணட்டும்? ஊரைக் கூட்டிச் சொல்லட்டுமா? அந்த ஆராயி எல்லாத்தையும் பார்த்திருக்கா. அவளை வீட்டுல வச்சுண்டு எங்கம்மா எப்படித் தலை நிமிர்ந்து இருப்பா? போய் அந்தக் கேமராவைக் கழட்டிடுங்கோ. உள்ள எல்லாம் பதிவாகியிருக்கற மெமரி கார்டை ஒடைச்சுப் போட்டுடுங்கோ."

கழற்றப் போனான். தெருப் பேச்சு அதற்குள் வீட்டுக்குள்ளேயும் வந்திருந்தது. சொர்ணாம்பாள் வாசலில் மறிக்கவில்லை, திட்டவில்லை. அவன் பின்னாலேயே வந்து படத்துக்கு முன்னால் நின்றார்.

"எதுல வச்சே?"

அவன் பல்பு எரியாத குழியைக் காட்டினான்.

"ஸ்கந்தன் பார்த்தானா?"

"பார்த்திருப்பாரும்மா."

"தெனம் போன் பண்றான். மாத்திரை குடுத்தியான்னு கேக்கறான். இதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையேடா. நாலு வார்த்தை திட்டியிருந்தான்னாகூட தேவலையா இருக்குமே." முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். "நான் முழுசா ஒரு ராத்திரி தூங்கி ரெண்டு வருஷம் ஆறது. ஆராயியும் இல்லை இப்போ. என்னை யாரு புடிச்சுப்பா?"

கட்டிலில் கிழவர் கண்ணைத் திறந்து இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தசரதன் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிடுங்கிய பல்பைத் திரும்பச் செருகிவிட்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டான்.

அடுத்த நாள் ஆராயி கடைக்கே வந்துவிட்டாள். உள்ளே வா என்றதற்கு வரவில்லை. "நீதான் கேமரா வச்சியாமே. அதுல நான் அடிக்கறது இருக்குதாடா தம்பி? இருந்தா காட்டு. இல்லன்னா, இல்லன்னு வெளிய நின்னு சொல்லு."

சட்டைப்பையில் கார்டு இருந்தது. எதிரே நகைக்கடை முதலாளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தசரதனுக்குப் பெரிய வாடிக்கை. "கிருத்திகை குங்குமம் மறைச்சுடுச்சுக்கா. ஒண்ணுமே பதிவாகல" என்றான். பாவி, வாய் கூசாமல் சொன்னான்.

ஆராயி நம்பினாள். அந்தக் குங்குமத்தைக் கண்ணாடியில் அவளே பார்த்திருக்கிறாளே. "எனக்குன்னு பார்த்து அதுவும் மறைச்சுதா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சென்னையிலிருந்து வந்த நர்ஸுப் பெண் ஒரு வாரம்கூட தாக்குப் பிடிக்கவில்லை. ஏகாம்பரநாதனுக்குச் சளி கட்டி, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கேயே உயிர் போய்விட்டது. நெஞ்சுச்சளி என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை யார் காதில் வாங்கினார்கள்? ஆராயி அடித்த அடிதான் என்று தெரு தீர்த்துச் சொல்லிவிட்டது. கடைசியாக ஒரு தடவை ஐயாவைப் பார்க்கப் போனவளை வாசலிலேயே நாலு பேர் விரட்டினார்கள். கொள்ளி வைக்க வந்திருந்த ஸ்கந்தன் உள்ளே நின்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவள் மகள் தமிழ்செல்வி டவுனில் ஒரு வீட்டில் பிரசவமான பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ ஆராயி பொண்ணாமே. வூட்டுல பச்சைக்கொழந்தை இருக்குதும்மா, தப்பா எடுத்துக்காத" என்று சொல்லி அவளையும் அனுப்பிவிட்டார்கள்.

அதைக் கேட்டபிறகுதான் தசரதனுக்குப் பொறுக்கவில்லை. அக்கா பேரோடு போகாமல் அந்தப் பெண்ணின் பிழைப்பிலும் கை வைத்துவிட்டார்களே! கடை போனால் போகட்டும் என்று ஒரு வீராப்பு வந்துவிட்டது. கார்டை எடுத்துக்கொண்டு, மத்தியான வெயிலில் வண்டியை அடி அண்ணாமலைக்கு விட்டான். வழியெல்லாம் நெஞ்சு லேசாக இருந்தது. ஒரு பெரிய காரியம் செய்யப்போகிற நினைப்பு அவனுக்கு.

ஆராயி வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தசரதன் கும்பிடுகிற மாதிரி கையைச் சேர்த்துக்கொண்டு, "அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். எல்லாம் இதுல இருக்குது" என்றான். தமிழ்செல்வி பாயை விரித்தாள். அவன் கார்டைப் போனில் போட்டு ஓட்டினான்.

ஐயாவின் முகம் வந்ததும் ஆராயிக்குக் கண் நிறைந்துவிட்டது. "எப்படிப் பார்க்கறாரு பாரு" என்றாள். கரண்டிக் காம்பு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். தானே ஓடிவந்து அந்த அம்மாளின் கையைப் பிடிப்பதைப் பார்த்தாள். தமிழ்செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். "யம்மா, இது போதும்மா. இனிமே ஒருத்தன் வாயத் தெறக்க முடியாது."

"அதான் சொல்றேன்" என்றான் தசரதன். "எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா, நீ தப்பு பண்ணலைன்னு. ஒரு நாள் பார்த்துட்டுச் சொல்லல. நீ வேலையவுட்டு நிக்கற வரைக்கும் தெனம் பார்த்தேன். ஒரு நாள்கூட நீ அவர் மேல கை வைக்கல."

ஆராயியின் கை மல்லாட்டை மேல் அப்படியே நின்றது.

"தெனம் பார்த்தியா?"

"தெனம்க்கா. கடையில ஒக்காந்தே பார்த்தேன்."

"அந்த மனுஷன் அடி வாங்கறத?"

அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது தசரதனுக்கே உறைத்தது. போன் திரையில் அடுத்த படம் தானாக ஓட ஆரம்பித்திருந்தது. கிழவரின் இடதுகை எழுந்து காற்றில் துழாவியது.

"நான் கடைக்குப் போனாக்கூட ஓட்டமா ஓடியாருவேன், இந்நேரம் இன்னா ஆச்சோன்னு" என்றாள் ஆராயி. சத்தம் போடவில்லை. "வெளிய சொன்னா அந்த அம்மா நாண்டுக்கிட்டுச் செத்துடும்னு பயந்து, கையயாவது புடிப்போம்னு புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். உன் கடைக்கும் அந்த வூட்டுக்கும் எவ்ளோ தூரம்டா? ரெண்டு தெரு. ஓடியாந்து கதவத் தட்டி, பல்பு பார்க்க வந்தேன்னாவது சொல்லியிருக்கக் கூடாது? நீ வாசல்ல நின்னிருந்தாலே அந்தம்மா கை எறங்கியிருக்குமே."

"அவரு புள்ள பார்ப்பாருன்னு..."

"அவன் கடலத் தாண்டி இருந்தான். நீ எங்க இருந்த?"

தமிழ்செல்வி மாமனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். தசரதன் எழுந்திருக்கவும் தெரியாமல் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆராயி போனை வாங்கி மகளிடம் கொடுத்தாள். "அந்தக் கார்ட எடுத்துக்கம்மா. நாளைக்கு ரெண்டு பேருமா ஸ்டேஷனுக்குப் போய்க் குடுத்துட்டு வருவோம். எம்பேருக்கு அது வேணும். உன் பொழப்புக்கும் வேணும்." பிறகு தசரதன் பக்கம் திரும்பினாள். "யாரு எடுத்தான்னு கேப்பாங்க. உன் பேரத்தான் சொல்லுவேன். தெனம் பார்த்தான்னும் சொல்லுவேன். நீ இப்ப போ."

தமிழ்செல்வி கார்டைக் கழற்றிக்கொண்டு போனை அவனிடம் நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு அவன் வண்டியைத் தள்ளியபடியே தெருமுனை வரைக்கும் போனான். ஆராயி குனிந்து மல்லாட்டையை உரிக்க ஆரம்பித்தாள்.